பூசையில் வைத்த மெமரி

ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் அந்த அடுக்குமாடியின் நான்காம் மாடிக்காரர்களுக்குத் துணி காயப்போட ஒரே ஒரு இடம்தான் உண்டு. வாசலுக்கு எதிரே நடைபாதை ஓரமாக ஓடும் இரும்புக் கம்பி. பிற்பகலில் மழை இறங்கினால் சாரல் நேராக அந்தக் கம்பியைத் தேடித்தான் வரும். அந்த நேரத்தில் வீடுகளில் ஆள் இருக்காது. பாதிப் பேர் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில், மீதிப் பேர் தொழிற்சாலையிலும் கடையிலும். ஆனாலும் மலர் வீட்டுத் துணி ஒருநாளும் நனைந்ததில்லை. பூக்கடை வேலை முடிந்து அவள் வந்து பார்த்தால், எல்லாம் மடித்து, வாசல் நாற்காலியில் அடுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் போட்டிருக்கும். மகள் ரூபினி மடித்து வைத்தாள் என்று மலர் நினைத்துக்கொண்டாள். அம்மா மத்தியானம் வந்துவிட்டுப் போனாள் என்று ரூபினி நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மலர் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். வானம் இருட்டியது. நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளின் நடுவே பார்த்தாள். பக்கத்து வீட்டுச் செல்வராணி. இரவு ஷிஃப்டு முடித்துவிட்டுத் தூங்க வேண்டிய நேரம் அது. கலைந்த தலையோடு, கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடைசி வீட்டு மலாய்க்காரப் பிள்ளையின் பள்ளிச் சட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வீட்டுத் துணியாக எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டுத் தன் வீட்டுக் கம்பிக்கு வந்தபோது மழை நன்றாகவே பிடித்துக்கொண்டது. அவள் துணி மட்டும் நனைந்தது. அதைப் பிழிந்து திரும்பவும் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மலர் அதை அவளிடம் கேட்கவே இல்லை. கேட்டால் செய்வதை நிறுத்திவிடுவாளோ என்று பயந்தாள். சாமி விளக்கேற்றும்போது மட்டும் அவள் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள்.

செல்வராணிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கூலாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். கெலாங் பாத்தாவில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை. அவள் சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். புருஷன் மூர்த்தி கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். துறைமுகத்திலிருந்து ஏற்றினால் வடக்கே போய் இறக்கிவிட்டுத் திரும்ப நாளாகும். அப்படிப்பட்டவரின் பெண்டாட்டிக்குக் காடி, அதாவது கார், ஓட்டத் தெரியாது. லைசென்ஸுக்குப் போகாமல் இல்லை. பயிற்சி இடத்தில் ஒரு மேடு இருக்கும். அதில் ஏறி, பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். போன தடவையெல்லாம் அவளுக்குக் காடி உருண்டது. பக்கத்தில் கோப்போடு உட்கார்ந்திருக்கும் அதிகாரியைப் பார்த்தாலே கால் நடுங்குகிறது என்றாள். அடுக்குமாடி முழுக்கச் சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சை விட்டாள்.

மகன் கவின் கெடாவுக்குப் படிக்கப் போனபோது தன்னுடைய பழைய கணினியை வீட்டில் விட்டுவிட்டுப் போனான். தூசி தட்டிவிட்டு அதைப் போட்டுப் பார்த்தவள், திரையில் இருந்த காடிப் படத்தை அழுத்தினாள். அவ்வளவுதான். அந்தக் கார் ரேஸ் விளையாட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. அதில் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு, மழையும் உண்டு. பக்கத்தில் கோப்போடு உட்கார்ந்திருக்க மட்டும் யாருமில்லை. கொஞ்ச நாளில் மேசையில் திருகி மாட்டும் ஸ்டியரிங் ஒன்றையும், காலுக்குப் பெடலையும் யாரிடமோ பழையதாக வாங்கிவிட்டாள். மலர் காலையில் பூசைக்குப் பூக்கொடுக்கப் போனால், செல்வராணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வளைவில் உடம்பையும் சேர்த்துச் சாய்த்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, விழுந்துறப் போறீங்க."

"பேசாத மலரு, முன்னுக்கு ஒருத்தன் வழி விடமாட்டேங்குறான்!"

ஜொகூரில் இங்கே ஒருவர் அங்கே ஒருவராக இருக்கிற ஆட்கள் சேர்ந்து அந்த விளையாட்டில் ஒரு குழு வைத்திருந்தார்கள். தலைவர் மூவார்க்காரர் விஜயன். சோபா தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மற்ற மாநிலக் குழுக்களோடு பந்தயம் நடக்கும். விஜயன் இவளையும் சேர்த்துக்கொண்டார். காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனில் எல்லோரும் பேசிக்கொண்டே ஓட்டுவார்கள். அங்கே அவள் பெயர் ராணி.

சேர்ந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. தனியாக ஓட்டும்போது ஒழுங்காக ஓடும் கணினி, பந்தயத்தில் எல்லாக் காடியும் ஒன்றாகக் கிளம்பி முதல் வளைவுக்கு வந்ததும் விக்கும். படம் நிற்கும், குதிக்கும், மறுபடி நிற்கும். அப்புறம் விளையாட்டே மூடிக்கொண்டு வெறும் திரை வந்துவிடும். இப்படி இரண்டு பந்தயம் பாதியில் போயிற்று. மூன்றாவது முறையும் பாதியில் விட்டாலோ வராமல் போனாலோ அந்த ஆளைக் குழு எடுத்துவிட வேண்டும். அது பந்தயம் நடத்துகிறவர்களின் விதி, விஜயன் கையில் இல்லை.

"ராணி, எனக்கும் மனசு வரல. அடுத்தது முடிச்சிருங்க. கடைசியா வந்தாலும் சரி, முடிச்சா போதும்," என்றார் விஜயன். மேசையோரம் நின்ற மலருக்கே அந்தக் குரல் கேட்டது.

அன்றிலிருந்து நான்காம் மாடியில் இதே பேச்சுதான். ஐந்தாம் மாடியில் ஹேமநாதன் என்று ஒருவன் இருந்தான். சிங்கப்பூரில் கணினி அலுவலகத்தில் வேலை. அவனைப் படிக்கட்டிலேயே செல்வராணி மடக்கினாள்.

"தம்பி, மெமரி கூட்டிப்போட்டா கேம் நல்லா ஓடும்னு சொல்றாங்களே, நெசமா?"

"அக்கா, கேமுக்கு உயிரே கிராபிக்ஸ் கார்டு. மெமரி கூட்டுறது பஸ்ஸுல சீட்டு கூட்டுற மாதிரி. சீட்டு கூடுனா பஸ் வேகமா ஓடுமா?"

"வேகமா ஓட வேணாம்பா. ஆளு ஏற எடமில்லாம படியில தொங்குறாங்க, பஸ்ஸு ஸ்டாப்ப விட்டே நகர மாட்டேங்குது. அதுக்கு என்ன செய்ய?"

ஹேமநாதன் ஒரு படி கீழே இறங்கி நின்றான். "அப்படியா? எடமில்லன்னு எப்படித் தெரியும்?"

"தெரியல. அதான் உன்ன புடிச்சேன்."

சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். விளையாட்டை ஓடவிட்டு, இன்னொரு பக்கத்தில் ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்தான். பந்தயம் கிளம்பியதும் அதில் ஒரு கோடு மேலே ஏறி, கூரையில் முட்டி, அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. உடனே படம் விக்கியது.

"அலமாக்! நெறஞ்சுதான் கெடக்கு. மெமரி பத்தாம டிஸ்க்குக்கு ஓடிப்போய் எடுத்துட்டு வருது, அதுக்குள்ள உங்க காடி செவுத்துல. சரி, கூட்டிப் பாக்கலாம். உள்ள ஒரு மெமரி குச்சிதான் இருக்கு, பக்கத்து எடம் காலி. இதே மாதிரி இன்னொண்ணு போட்டா ரெண்டும் ஜோடியா வேல செய்யும். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், படம் அழகாகாது. வேகமும் பெருசா கூடாது. விக்கல் நிக்கலாம். கேரண்டி கிடையாது."

"விக்கல் நின்னா போதும் தம்பி. அழகு பாக்கவா போறேன்?"

மூர்த்தி வீட்டில் இருந்த நாளில் அவரிடம் சொன்னாள். தீபாவளிக்குச் சேலை வேண்டாம், மெமரி வாங்கித் தாங்க.

"இத்தூண்டு குச்சிக்கா? ஒடம்புல சுத்திக்க முடியுமாடி அத?"

"போன வருசச் சேல பீரோவுல தூங்குது. இது தூங்காது."

மூர்த்தி மலரைப் பார்த்து, "பாத்தியாம்மா, பொம்பளைங்க சேல வேணாம்னு சொல்ற காலம் வந்துருச்சு. மழ கொட்டப் போவுது," என்றார். ஆனாலும் ஹேமநாதனிடம் எழுதி வாங்கிக்கொண்டு அவரே கைத்தொலைபேசியில் ஆர்டர் போட்டார்.

பொட்டலம் வந்து சேர்ந்தது சரஸ்வதி பூசை அன்று, சனிக்கிழமை. மறுநாள் பந்தயம். மூர்த்தி கீழே வாகன நிறுத்துமிடத்தில் லோரியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். மேலே மலர் வீட்டில் சாமி மேடை நிரம்பி வழிந்தது. ரூபினியின் பாடப்புத்தகம், பூக்கடைக் கத்தரிக்கோல், வீட்டு அரிவாள்மனை எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. செல்வராணி ஓடிவந்தாள். முகமெல்லாம் பல்.

"மலரு, வந்துருச்சுடி! இத உங்க சாமிகிட்ட வச்சுடு. எங்க வீட்டுல ஸ்டியரிங்கும் பெட்டியும்தான் எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. உன் கையால பூசை பண்ணுனா பலிக்கும்."

"இப்பவே மாட்டலையா அக்கா?"

"பூசையில வச்சத இன்னைக்கு எடுப்பாங்களா? நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்."

மலருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இந்த அக்காவுக்கு எத்தனை நாள் மனசுக்குள்ளேயே நன்றி சொல்லியிருக்கிறோம், இன்றைக்குத்தான் கையால் ஒன்று செய்யக் கிடைத்திருக்கிறது என்று நினைத்தாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து குச்சியை வெற்றிலை மேல் வைத்தாள். விரல் நீளத்துக்குப் பச்சைப் பலகை. ஒரு ஓரம் முழுக்கத் தங்கப் பல்வரிசை. எத்தனை அழகு! புதுப் பொருள் எதுவும் பொட்டு வைக்காமல் அவள் வீட்டில் புழக்கத்துக்கு வந்ததில்லை. சோறாக்கும் குக்கருக்கும் வைத்தாள், மகளின் கைத்தொலைபேசிக்கும் வைத்தாள். இதற்கு மட்டும் எங்கே வைப்பது? அழகான இடத்தில்தான். தங்கப் பல்வரிசை மேல் விபூதியைக் குழைத்து மூன்று பட்டை போட்டாள். நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். "தாயே, அக்கா நாளைக்குப் பந்தயத்த முடிச்சிரணும்," என்று கற்பூரம் காட்டினாள்.

மறுநாள் காலையில் பால் வைத்துப் பூசையை முடித்து, முந்தானையால் குச்சியைப் பட்டும் படாமல் துடைத்து, இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். செல்வராணி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பசியாறக்கூட இல்லை. ஹேமநாதன் சொல்லிக் கொடுத்தபடி மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து, காலியாக இருந்த இடத்தில் குச்சியை வைத்து அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது.

"ஆன் பண்ணு! ஆன் பண்ணு!" என்று மூர்த்தி குழந்தை மாதிரிக் கத்தினார்.

பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து 'கீ...' என்று ஒரு நீண்ட சத்தம். கொஞ்சம் நிறுத்தி மறுபடி 'கீ...'. அணைத்துப் போட்டார்கள். அதே சத்தம். கழற்றி மாட்டினார்கள். அதே சத்தம். 

மேலே போய் ஹேமநாதனை அழைத்து வந்தார்கள். அவன் கோயிலுக்குக் கிளம்பியவன், வேட்டியோடு தரையில் உட்கார்ந்தான். புதுக் குச்சியை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்துப் பார்த்தான். கணினி உயிர் பெற்றது. புதியதை வைத்தான். கீ.

"பழசு நல்லா இருக்கு. புதுசுதான் மக்கர்."

"செத்த குச்சிய தலையில கட்டிட்டானா?" என்றார் மூர்த்தி. "அப்பவே சேல எடுத்திருக்கலாம். சேல 'கீ'ன்னு கத்துமா?"

யாரும் சிரிக்கவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானச் சோறு மேசையில் ஆறிப்போயிற்று. செல்வராணி நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஓடாத காடியில் உட்கார்ந்த மாதிரி.

"விடும்மா," என்றார் மூர்த்தி, குரலைத் தணித்து. "கேமுதானே."

"கேமுதாங்க. நான் இல்லன்னு சொன்னேனா?" அவள் நிமிரவில்லை. "பேக்டரியில நான் நாலாவது லைன். இங்க கீழ போனா மூர்த்தி பொண்டாட்டி. கவின் கூட்டாளிங்களுக்குக் கவின் அம்மா. எல்லாம் நல்ல பேருதான். ஆனா அங்க ஒருத்தர் காணாம போனா, 'ராணி எங்க, ராணி எங்க'ன்னு தேடுறாங்க. நான் வளைவுல திரும்புனா அத ஒருத்தர் பாத்து நல்லா திரும்புனீங்கங்கிறாரு. இன்னைக்கு மூணு மணிக்கு நான் போகலன்னா என் பேர எடுத்துருவாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

மலர் சுவரில் சாய்ந்து நின்று மாரியம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கும்பிட்ட கும்பிடு எங்கே போயிற்று தாயே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

ஹேமநாதன் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்தான். அப்புறம் மூக்கருகே கொண்டுபோனான். மறுபடி முகர்ந்தான்.

"அக்கா..."

"என்னப்பா?"

"இந்தக் குச்சியில கோயில் வாசன வருது."

"என்னாது?"

"சந்தனம்! சத்தியமா சந்தனம். இங்க பாருங்க, பல்லு சந்துல எல்லாம் வெள்ள வெள்ளயா..."

மலருக்குத் தலைமுடி வரை சூடேறியது. "ஐயோ, அது நான்தான் தம்பி! பொட்டு வச்சேன். விபூதியும் போட்டேன். துடைச்சிட்டுத்தானே குடுத்தேன்..."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "ஆகாத வேல பண்ணிட்டேனா? என்னாலதான் கெட்டுப்போச்சா?"

முதலில் சிரித்தது செல்வராணிதான். மூன்று வீடு தள்ளிக் கேட்கும் அந்தச் சிரிப்பு. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மலரின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, மெமரிக்குப் பட்ட போட்டியா? நெத்தி எதுன்னு எப்படிடி கண்டுபிடிச்ச?"

"அழகா இருந்த பக்கம்..."

"கெட்டுப் போகலக்கா," என்றான் ஹேமநாதன், அவனுக்கும் தோள் குலுங்கியது. "அந்தத் தங்கப் பல்லு வழியாத்தான் கரண்டு போவணும். நடுவுல சந்தனம் படுத்துக்கிட்டு வழிய அடைச்சிருச்சு. பென்சில் அழிக்கிற ரப்பர் இருக்கா? புதுசா, சுத்தமா?"

மலர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். ரூபினியின் பையைக் கவிழ்த்து, ரப்பரோடு திரும்பி வந்தாள். ஹேமநாதன் பல்வரிசையை மெதுவாக ஒரே திசையில் தேய்த்தான். ரப்பர் தூள் மஞ்சளாக உதிர்ந்தது. பெட்டிக்குள் குச்சி உட்காரும் பள்ளத்திலும் விபூதி இறங்கியிருந்தது. அதைக் கூட்டி எடுக்கச் செல்வராணி தன் பவுடர் பிரஷைக் கொடுத்தாள், கவின் கல்லூரிக்குப் போன அன்று வாங்கித் தந்தது, இன்னும் பிரிக்காதது.

"மூர்த்திண்ணே, மணி என்னா?"

"ரெண்டே முக்கால். சீக்கிரம்டா டேய்!"

"லோரியா இது, அவசரப்படுத்த?"

குச்சி உட்கார்ந்தது. மின்சாரம் போட்டார்கள். செல்வராணி பொத்தானை அழுத்தினாள். நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் 'கீ'க்குக் காத்திருந்தார்கள். 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது. திரையில் வெளிச்சம்.

"ஏத்துக்கிச்சு! ரெண்டையும் ஏத்துக்கிச்சு!" ஹேமநாதன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தான். இனிமேல் கோயில் சாயங்காலம்தான் என்றான்.

ஹெட்போனை மாட்ட நேரமில்லை. சத்தத்தை வெளியே விட்டார்கள். விஜயனின் குரல் அறை முழுக்க வந்தது.

"ராணி, இருக்கீங்களா?"

"இருக்கேன்!"

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன. எல்லாக் காடியும் உறுமிக்கொண்டு கிளம்பின. செல்வராணியின் மஞ்சள் காடி கடைசி வரிசையில். முதல் வளைவு வந்தது. போன இரண்டு முறையும் கழுத்தை நெரித்த அதே வளைவு. மலர் கண்ணை மூடிக்கொண்டாள். மூர்த்தி தரையில் வலது காலை அழுத்திப் பிரேக் போட்டார்.

"போவுது! மலருக்கா, கண்ண தொறங்க, போவுது!"

திறந்தாள். படம் நிற்கவில்லை, குதிக்கவில்லை. சாலை தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இரண்டு காடிகள் ஒன்றோடொன்று உரசிப் புல்லில் இறங்கின. செல்வராணி நடுவில் நூல் கோத்த மாதிரிப் போனாள்.

"எம்மா! எம்மாடி!" என்றார் மூர்த்தி. "ஏய், கியர கொறடி! கியரு!"

"உங்க வேலைய பாருங்க, இது என் காடி!"

ஹேமநாதன் பக்கத்து வரைபடத்தைக் காட்டினான். முன்பு கூரையில் ஒட்டிய கோடு இப்போது பாதிக்குக் கொஞ்சம் மேலே படுத்திருந்தது. "பாருங்கண்ணே, இன்னும் எடம் இருக்கு. இதுக்கு மேல இன்னும் ரெண்டு குச்சி வாங்கிச் சொருகுனாலும் ஒண்ணும் ஆவாது. தேவைக்கு மட்டுந்தான் பலன்." 

"நீ கொஞ்சம் சும்மா இருப்பா, மேடு வருது!"

ஆமாம், மேடு. பந்தயப் பாதையின் கடைசிப் பகுதியில் மூச்சு முட்ட ஏறும் ஒரு மேடு, அதன் உச்சியில் வளைவு. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் யாராவது ஒருவர் தடுமாறினார்கள். செல்வராணி ஒவ்வொரு சுற்றிலும் அங்கேதான் ஒருவரைப் பிடித்தாள். காலை எடுக்காமல், உடம்பைச் சாய்க்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறினாள். மலர் தன்னை அறியாமல் கத்திக்கொண்டிருந்தாள். "விடாதீங்க அக்கா! தாண்டுங்க! முருகா, அந்தச் செவப்புக்காரன கொஞ்சம் ஓரமா நிக்க வையி!" அவள் வாழ்நாளில் இவ்வளவு சத்தம் போட்டதில்லை. நடைபாதையில் ஆட்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். கடைசி வீட்டு மலாய்க்கார அம்மா, "என்ன, போலாவா? கால்பந்தா?" என்று கேட்டாள். "போலா இல்ல மாக்சிக், காடி ரேஸ்!" என்று மூர்த்தி கத்தினார்.

"ராணி, இருக்கீங்களா?"

"இருக்கேன் விஜயன், இருக்கேன்!"

கடைசிச் சுற்றில் படம் ஒருமுறை லேசாகத் தடுக்கியது. இன்டர்நெட்டுதான், மெமரி இல்ல என்று ஹேமநாதன் முணுமுணுத்தான். மறுகணம் சாலை ஓடியது. மேட்டின் உச்சியில் சிவப்புக் காடி அகலமாகத் திரும்ப, செல்வராணி உள்பக்கமாகச் சறுக்கி முன்னால் வந்தாள். கறுப்பு வெள்ளைக் கொடி அவள் தலைக்கு மேல் போயிற்று.

ஒன்பதாவது இடம்.

ஒன்பதாவது இடத்துக்கு இப்படியும் ஒரு கூச்சலா என்று கீழ்வீட்டுக்காரர்கள் கேட்டிருப்பார்கள். மூர்த்தி ஹேமநாதனைத் தூக்கியே விட்டார். மலர் அழுதுகொண்டே கைதட்டினாள். செல்வராணி மட்டும் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள். குழுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ராணி, ராணி, ராணி என்றே கேட்டது. "மேட்டுல எப்படிப் புடிச்சீங்க? எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் விஜயன்.

"லைசென்ஸ் ஆபீஸ்ல உருண்டு உருண்டு," என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

அதற்குப் பிறகு அவள் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. நன்றாக ஓட்டினாள், மோசமாகவும் ஓட்டினாள். ஒருமுறை மூன்றாவதாக வந்து மாடி முழுக்கக் கேசரி கொடுத்தாள். விளையாட்டுக்கு மெமரி வாங்கலாமா என்று யாராவது கேட்டால், "மொதல்ல உள்ள எடம் இருக்கான்னு பாருங்க. எடம் இருக்கறப்ப வாங்குனா வீண். இல்லாதப்ப வாங்குனா சொர்க்கம்," என்பாள். மலர் இருக்கும்போது கேட்டால், "பொட்டு வைக்கறதுன்னா பெட்டி மேல வைங்க," என்றும் சேர்த்துக்கொள்வாள். மலர் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அடுத்த வருஷம் மூர்த்தியின் கம்பெனி அவரை வடக்குத் துறைமுகத்துக்கே மாற்றியது. பட்டர்வொர்த்தில் வீடு. சாமான்களை அவருடைய லோரியிலேயே ஏற்றினார்கள். கணினிப் பெட்டியை மட்டும் செல்வராணி சாமான்களோடு பின்னால் போடவிடவில்லை. போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். நான்காம் மாடியே கீழே இறங்கி நின்றது. மலர் தான் கட்டிக்கொண்டு வந்த மல்லிகையை அவள் தலையில் வைத்துவிட்டு அழுதாள். அதன் பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ள வாய்க்கவில்லை.

செல்வராணி லோரியில் ஏறி, பெட்டியை மடியில் ஏந்திக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏன்டி அழற? ஊரு மாறுனா மாறட்டும். ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு நான் எங்க இருப்பேன்னு உனக்குத் தெரியும்ல? எங்க ரேஸ கைப்போன்லயே காட்டுவாங்க, போட்டுப் பாரு. நான் முன்னுக்கு வந்தாலும் பின்னுக்குப் போனாலும் சரி, நீ அங்கேருந்து சத்தம் போடு லா!"